சுழலாத சக்கரங்களின் ஊர்

கோலார் தங்கவயலில் தங்கம் எடுப்பது நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கோரமண்டல் முதல் மாரிக்குப்பம் வரை நிற்கும் இரும்புக் கோபுரங்கள் நினைவுச் சின்னங்களா, பழைய இரும்பா என்பதை இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் மாலை ரயில் பங்காரப்பேட்டையில் பிரதான பாதையை விட்டு விலகும்போது, பெட்டிக்குள் பேச்சு மொழியும் மாறிவிடுகிறது. அதுவரை கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி என்று கலந்து கேட்ட குரல்கள் அடங்கி, தமிழ் ஓங்குகிறது. "அக்கா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க", "அண்ணே, அந்தப் பையை மேல போடுங்க" என்று தொடங்கும் பேச்சு, சம்பளம், வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று நீள்கிறது. விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ஓடி, கடையிலோ கட்டடத்திலோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ நாள் முழுவதும் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். பாதி தூக்கத்திலும் இறங்க வேண்டிய நிலையம் அவர்களுக்குத் தவறுவதில்லை.

கிளைப்பாதை முழுவதும் 16 கி.மீ.தான். அதில் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம் என்று நிலையங்கள் வருகின்றன. ரயில் அவசரமில்லாமல் போகிறது. ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலமும் பாறையும் வறண்ட வயலும் கடந்ததும், வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தட்டையான மேடு ஒன்று எழுகிறது. மலைபோல் தெரிந்தாலும் அது மலையல்ல. பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்துப் பொடியாக்கி, தங்கத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகு கொட்டிய பாறைத்தூள். அதற்கு அப்பால், நான்கு கால்களை அகட்டிக்கொண்டு, தலையில் பெரிய சக்கரத்தைச் சுமந்து நிற்கிறது ஓர் இரும்புக் கோபுரம். அந்தச் சக்கரம் சுழலவில்லை.

கோரமண்டல் என்ற பெயரே ஒரு சுற்றுப் பயணம் செய்து வந்திருக்கிறது. சோழமண்டலம் என்பதுதான் ஐரோப்பியர் நாவில் திரிந்து கோரமண்டல் ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கிழக்குக் கடற்கரைக்கு உரிய பெயர், கடலிலிருந்து சுமார் 200 கி.மீ. உள்ளே, தக்காண மேட்டில் ஒரு சுரங்கக் குடியிருப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கிய தமிழர்கள், தங்கள் மொழியின் சொல் ஒன்று வேற்று வேடத்தில் தங்களுக்கு முன்பே வந்து காத்திருப்பதை அறிந்திருக்க நியாயமில்லை.

கூரைப் பாலமும் சக்கரக் கோபுரமும்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் மேடிசன் கவுன்டி என்ற கிராமப்புறத்தைப் பலர் ஒரு நாவலின் மூலம் அறிவார்கள். அதைவிட அதிகமானோர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் மெரில் ஸ்ட்ரீப்பும் நடித்து 1995இல் வந்த திரைப்படத்தின் மூலம் அறிவார்கள். அங்கே உள்ளவை மரப்பாலங்கள். மேலே கூரை, பக்கங்களில் பலகைச் சுவர். பாலத்துக்கு எதற்குக் கூரை? காதலர்களுக்காக அல்ல. பாலத்தைத் தாங்கும் உத்திரங்கள் மழையில் நனைந்து உளுத்துப்போகாமல் இருக்கத்தான். கூரைப் பலகையை மாற்றுவது எளிது, உத்திரத்தை மாற்றுவது செலவு என்ற விவசாயிக் கணக்கு. ஒரு காலத்தில் 19 பாலங்கள் இருந்தன. இன்று மிஞ்சியவை ஆறு. அவற்றில் சீடர் பாலத்துக்கு 2002இல் யாரோ தீ வைத்தார்கள். 2004இல் திரும்பக் கட்டினார்கள். 2017இல் மீண்டும் தீ வைத்தார்கள். 2019இல் மீண்டும் கட்டினார்கள். பாலங்களுக்கென்று ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு திருவிழாவும் நடக்கிறது. பெரும்பாலும் பக்கத்தில் குடியிருந்த விவசாயியின் பெயரே பாலத்தின் பெயர்.

தங்கவயலின் கோபுரங்களும் அப்படிப்பட்ட கணக்கில் எழுந்தவைதான். அழகுக்காக ஒன்றும் கட்டப்படவில்லை. பூமிக்குள் செங்குத்தாகத் தோண்டிய கிணறு போன்ற குழிதான் ஷாஃப்ட். அதன் வாய்க்கு நேர் மேலே கோபுரம். அருகில் ஒரு கட்டடத்தில் ராட்சத உருளையோடு கூடிய இன்ஜின். அதிலிருந்து புறப்படும் இரும்புக் கயிறு கோபுரத்தின் உச்சியில் உள்ள சக்கரத்தின் மேல் ஏறி, நேர்கீழாகக் குழிக்குள் இறங்குகிறது. கயிற்றின் முனையில் கூண்டு. கூண்டில் மனிதர்கள் இறங்குவார்கள். பாறை மேலே வரும். இன்ஜின் ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது எதுவும் கண்ணில் படாது. மணியோசைக் கணக்கை வைத்துத்தான் கூண்டை நிறுத்துவார், இறக்குவார், ஏற்றுவார். ஒரு மணியைத் தவறாக எண்ணினாலும் அவர் கையில் இருப்பது ஒரு கூண்டு நிறைய உயிர்கள்.

பெயர்களில்தான் மேடிசனுக்கும் தங்கவயலுக்கும் வித்தியாசம். எட்கர், கிஃபோர்டு, ஹென்றி, ஹீத்கோட் என்று இங்குள்ள பெரிய ஷாஃப்ட்களுக்கு வெள்ளைக்காரப் பெயர்கள். அவற்றைத் தோண்டியவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

ஒரு வண்டி மண்

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த பிறகு, மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் வாரன், 1802இல் இந்தப் பகுதியில் மண்ணில் தங்கம் கிடைப்பதாக ஒரு பேச்சைக் கேட்டார். காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்ததும், கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். அடியில் மின்னியது தங்கப்பொடி. உள்ளூர் மக்களுக்கு அது புதிதல்ல. ஆழமில்லாத குழிகளில் இறங்கி, பாறையை உடைத்து, பொடித்து, நீரில் அலசித் தங்கம் எடுக்கும் வேலையை அவர்கள் முன்பே செய்துவந்தார்கள். வாரன் கண்டுபிடித்தது தங்கத்தை அல்ல, தங்கம் எடுப்பவர்களை.

அதன் பிறகு எழுபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் வந்து தங்கிய லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய்க்குப் பழைய குறிப்புகள் கண்ணில் பட்டன. 1873இல் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். ஆசை இருந்த அளவுக்குக் கையில் பணம் இல்லை. உரிமை கைமாறி, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் உள்ளே வந்தது. அதன் பிறகுதான் தங்கவயல் தங்கவயல் ஆனது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது.

தங்கம் இருக்கும் இடத்துக்கு எல்லாம் ஓடி வரும். 1890களில் பங்காரப்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தது. அந்த ஊருக்கு அப்போது பௌரிங்பேட்டை என்று பெயர். பாலாற்றின் பேத்தமங்கலம் நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் வந்தது. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் தயாரித்து, சுமார் 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து, 1902இல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். உலகத்திலேயே அன்று அதுதான் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905இல். சுரங்கத்துக்குப் போன பிறகுதான் தலைநகரத்துக்கு. காவிரி நீரின் விசையில் தங்கம் மேலே வந்தது. அதில் பெரும்பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போனது.

கீழே போனவர்கள்

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3.2 கி.மீ. தொட்டபெட்டாவைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே இறக்கினாலும் சிகரம் அடித்தளத்தைத் தொடாது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்வித்த காற்றை மேலிருந்து தள்ளாமல் அங்கே மனிதன் நிற்க முடியாது. தள்ளினாலும் கோவணமும் வியர்வையுமாகத்தான் வேலை. பாறையில் துளையிடும்போது பறந்த தூள் நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயாகத் திரும்பி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் இருமல் ஓய்வு பெறவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக 'ஏர் பிளாஸ்ட்'. தோண்டத் தோண்ட, மேலே உள்ள பாறையின் பாரம் முழுவதும் எஞ்சிய பாறைமீது இறங்குகிறது. தாங்க முடியாத ஒரு கணத்தில் அது வெடித்துச் சிதறுகிறது. எந்த மருந்தும் வைக்காமல் வெடிக்கும் வெடி. நிலநடுக்கம் போல் மேலே வீடுகள் அதிரும். அலமாரியில் பாத்திரங்கள் உருளும். அடுத்த நிமிடம் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஷாஃப்ட் வாசலை நோக்கி ஓடுவார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்பது லைன் முழுவதற்கும் தெரியும். கூண்டு மேலே வரும்வரை கோபுரத்தின் உச்சிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது சுழன்றால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். எப்படி வருகிறார்கள் என்பது கூண்டுக் கதவு திறந்த பிறகுதான் தெரியும். தங்கவயலின் வயதான பெண்களுக்கு அந்தக் கோபுரம் பொறியியல் சாதனை அல்ல. அண்ணாந்து பார்த்து வேண்டிக்கொண்ட இடம்.

யார் இவர்கள்? வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்கள். பூமிக்குக் கீழே இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். ஊரில் மேல்துண்டு போடவும் செருப்பணியவும் உரிமை இல்லாதவனுக்கு, மூன்று கி.மீ. ஆழத்தில் மாதச் சம்பளம் கிடைத்தது. வெள்ளைக்காரன் தலையில் தட்டினான் என்றாலும், தெருவில் நடக்காதே என்று சொல்லவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் தலைமுறைகள் கூண்டில் ஏறின. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்கு வந்த பஞ்சாபிகள், தெலுங்கர், கன்னடர், மலபார் முஸ்லிம்கள் என்று மற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் இருட்டின் பெரும்பங்கு தமிழர்களுக்கு.

மேலே இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று, குளிர்ந்த காலநிலையில் ஓடு வேய்ந்த பங்களாக்களும் தோட்டமும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் தேவாலயங்களுமாக, 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரெடுத்த ஊர். மற்றொன்று லைன். மூங்கில் தட்டியால் சுவரெழுப்பிய ஒற்றை அறைகள், வரிசை வரிசையாக. ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்மல். மைசூரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் டொனால்டு ராபர்ட்சன் பெயரால் எழுந்த ராபர்ட்சன்பேட்டை, இரண்டுக்கும் பொதுவான கடைவீதி ஆயிற்று.

லைனில் தட்டிச் சுவர் இருந்தாலும் புத்தகம் இருந்தது. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கிளைகள் தோன்றின. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவருக்குப் பின் தடைபட்டுப்போக, 1926இல் ஜி. அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது தங்கவயலில்தான். தமிழ்நாட்டின் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள இந்தச் சுரங்க ஊருக்கு ஒருமுறையாவது வந்தாக வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கைகட்டி நின்றுகொண்டும் இருக்கவில்லை. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, 1930இல் சுரங்கமே ஸ்தம்பித்தது. திருடன்தான் ரேகை வைப்பான், உழைப்பவன் ஏன் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாக இங்கே ஒரு சின்னம் உண்டு. தங்கவயலில் உழைப்பவர்களுக்கென்று எழுந்த நினைவுச் சின்னங்கள் மிகக் குறைவு; இருப்பதையும் அவர்களேதான் எழுப்பிக்கொண்டார்கள்.

தங்கத்துக்குப் பதில் ஒரு துகள்

இந்தச் சுரங்கத்தில் கிடைத்த மிக அரிதான பொருள் தங்கம் அல்ல. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் இரண்டு கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில் கருவிகளை நிறுவினார்கள். விண்வெளியிலிருந்து வரும் மற்ற கதிர்களையெல்லாம் தடுத்துவிட அத்தனை பாறை தேவைப்பட்டது. பாறையைப் பொருட்படுத்தாமல் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகள் மட்டும் உள்ளே வரும். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயத்தை 1965இல் இங்கே பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் மற்றொரு குழுவும் பதிவு செய்தது. உலக இயற்பியல் வரலாற்றில் தங்கவயலுக்கு அப்படி ஓர் இடம்.

கருவிகளைத் தூக்கிக்கொண்டு விஞ்ஞானிகளுடன் இறங்கியவர்களும் அதே சுரங்கத் தொழிலாளர்கள். பிற்பாடு, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் எதிர்ப்பால் நின்றுபோனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த விவாதம் நடந்த காலத்தில், நாட்டின் முதல் நியூட்ரினோ ஆய்வு நடந்த சுரங்கம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

பிப்ரவரி 28

வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து மைசூர் அரசு சுரங்கங்களை 1956இல் எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. ஆனால் கைமாறுவதற்கு முன்பே நல்ல தாது தீர்ந்துகொண்டிருந்தது. ஆழம் கூடக் கூட, பாறையை மேலே கொண்டுவரும் செலவு ஏறியது. தங்கத்தின் அளவு இறங்கி, டன்னுக்கு மூன்று கிராம் என்ற அளவுக்கு வந்தது. விற்கும் விலையைவிட எடுக்கும் விலை அதிகம் என்றானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைக் கொடுத்த மண், அன்று ஒரு நோட்டீசோடு ஓய்ந்தது.

சங்கு ஊதுவது நின்றது. ஷிப்டுக்கு ஷிப்ட் ஊரின் நேரத்தைச் சொன்ன ஒலி அது. பள்ளிக்குப் பிள்ளைகள் கிளம்பியதும் அடுப்பில் உலை வைத்ததும் அந்தச் சங்கின் கணக்கில்தான். நீரிறைக்கும் பம்புகளும் நின்றன. பாறை இடுக்குகளில் கசிந்த நீர் நிரம்பி, நூறு ஆண்டுகளாகத் தோண்டிய சுரங்கப் பாதைகளை மெல்ல மெல்ல விழுங்கியது.

அதன் பிறகுதான் இந்தக் கிளைப்பாதை ஊருக்கு உயிர்நாடியானது. தங்கத்துக்காக வந்த ரயில், மனிதர்களை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. பூமிக்குக் கீழே மூன்று கி.மீ. போய்வந்தவரின் மகன், பூமிக்கு மேலே நாளொன்றுக்கு இருநூறு கி.மீ. போய்வருகிறார். சீசன் டிக்கெட்தான் புதிய கூண்டு.

இரும்பின் விலை

தங்கவயலின் கோபுரங்களை வடிவமைத்த மரபு கார்ன்வாலுடையது. அங்கும் சுரங்கங்கள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. ஆனால் பாழடைந்த இன்ஜின் வீடுகளும் புகைபோக்கிகளும் கடலோரக் குன்றுகளில் அப்படியே காக்கப்படுகின்றன. கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜப்பானின் சாடோ தீவிலுள்ள தங்கச் சுரங்கங்களுக்கு 2024இல் அந்தத் தகுதி கிடைத்தது. அங்கே கொரியத் தொழிலாளர்கள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பெரிய விவாதமாகவே நடந்தது. கட்டடத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு, அதில் உழைத்தவர்களை மறந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த விவாதத்தின் சாரம்.

தங்கவயலில் விவாதம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. இங்கே நிலத்துக்கடியில் உறங்கும் எரிமலைக் குழம்புப் பாறைகளுக்குத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற தகுதி உண்டு. அதன்மேல் மனிதன் எழுப்பியதற்கு அப்படி ஒன்றும் பரவலாகப் பேசப்படுவதில்லை. கோபுரத்தின் மதிப்பு, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற இரும்புக் கடைக் கணக்கில் நிற்கிறது. 2020 மே மாதம், கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் திருட இறங்கிய மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். கூலிக்காக இறங்கிச் செத்தவர்களின் ஊரில், பழைய பொருளுக்காக இறங்கிச் சாவதும் நடந்துவிட்டது.

சினிமா மட்டும் தங்கவயலை மறக்கவில்லை. சைனைடு மேடுகள் பல படங்களுக்குப் பாலைவனமாக நடித்திருக்கின்றன. 'கே.ஜி.எஃப்' என்ற கன்னடப் படம் 2018இலும் அதன் இரண்டாம் பாகம் 2022இலும் வந்து, ஊரின் மூன்றெழுத்துகளை நாடு முழுவதும் கொண்டுசென்றன. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024இல் வந்தது. படம் பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள் மேட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மாலைக்குள் பெங்களூர் திரும்பிவிடுகிறார்கள். வெயில் காலத்தில் அதே மேட்டிலிருந்து பறக்கும் தூளை இரவெல்லாம் சுவாசிப்பவர்கள் லைனில் இருப்பவர்கள்.

அந்தத் தூளிலும் தங்கம் உண்டு. பழைய முறைகளில் தப்பிப்போன மிச்சம். பதின்மூன்று மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது என்பது கணக்கு. மூடிய சுரங்கத்துக்கு உலகளாவிய டெண்டர் விட 2013இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகும் சுரங்கம் திறக்கவில்லை. சுமார் ஆயிரம் ஏக்கரில் பரந்த மேடுகளில் மட்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மேடுகள் கரைந்தால் தூசி குறையும், சிலருக்கு வேலை கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. திரும்பவும் தங்கம் போகும், தூசி மட்டும் நமக்கு என்று கசப்போடு சிரிப்பவர்களும் உண்டு.

பாரம்பரியம் என்ற பேச்சை எடுத்தால் லைன்வாசிகளுக்குச் சிரிப்பு வருவதில் வியப்பில்லை. அவர்கள் கேட்பது தலைமுறைகளாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பட்டா, வர வேண்டிய பாக்கி, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை. வயிறு நிரம்பாதவனிடம் நினைவுச் சின்னம் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல. ஆனால் மேடிசன் கவுன்டியின் விவசாயிகளும் பணக்காரர்கள் அல்லர். பாலத்தைப் பார்க்க வருகிறவன் ஒரு வேளை சாப்பிட்டு, ஒரு ராத்திரி தங்கிப் போகிறான் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பட்டாவும் கோபுரமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஒரு ஷாஃப்டின் கோபுரத்தையும் அதன் இன்ஜின் வீட்டையும் துருப்பிடிக்காமல் காத்து, பக்கத்தில் ஒரு லைனை அப்படியே நிறுத்தி, மணிக்கணக்கையும் ஏர் பிளாஸ்டையும் தெரிந்தவர்களையே சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்துவது பெரிய காரியம் அல்ல. அவசரம் மட்டும் உண்டு. மூடும்போது நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. சிலிக்கோசிஸ் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

எதைக் காப்பது என்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கிளப்பும் பங்களாவும் தேவாலயமும் அழகானவை. யாராவது ஒருவர் அவற்றைக் காப்பாற்றிவிடுவார். தட்டி வீட்டுக்கு அப்படி ஆள் கிடைக்காது. கிளப் மட்டும் நின்று லைன் அழிந்தால், குட்டி இங்கிலாந்து இருந்தது என்பது மட்டுமே வரலாறாக மிஞ்சும். அதற்குக் கீழே ஒரு பெரிய தமிழ்நாடு இருட்டில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது.

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் தயாராக நிற்கிறது. சாம்பியனில் ஏறுகிறார்கள், ஊரிகத்தில் ஏறுகிறார்கள். கோரமண்டல் வரும்போது உட்கார இடமில்லை. டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு ஓடி வரும் பெண்ணுக்கு யாரோ கை கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். "நேத்து எங்கம்மா வரலையா?" என்று ஒரு குரல்; "காய்ச்சல் அக்கா" என்று ஒரு பதில். வண்டி நகர்கிறது. கிழக்கே வெளுக்கும் வானத்தில், கோபுரத்தின் உச்சியில் அந்தச் சக்கரம் கறுப்பாகத் தெரிகிறது. பெட்டிக்குள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு கிழவர் மட்டும் பழக்கத்தில் அண்ணாந்து பார்க்கிறார். அது சுழல்கிறதா என்று.